ஈயக் குண்டும் ஒரு மயிரிழை இடைவெளியும்!

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. திருவண்ணாமலையில் வேட்டவலம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்து. வாசல் திண்ணையில் உட்கார்ந்து தாத்தா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தை மாதப் பனியில் மலை பாதிதான் தெரிந்தது. அப்போது செல்போன் அடித்தது. டெக்சாஸிலிருந்து பேரன். அங்கே இன்னும் சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி.

வழக்கமாக, "சாப்டீங்களா தாத்தா... பிரஷர் மாத்திரை போட்டீங்களா..." என்றுதான் ஆரம்பிப்பான். அன்றைக்கு அந்த விசாரிப்பெல்லாம் இல்லை.

"தாத்தா, இது உங்களுக்குத்தான் தெரியும். துப்பாக்கியில போடற ஈயக் குண்டு என்ன சைஸ்ல இருக்கணும்?"

தாத்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன துப்பாக்கிடா?"

பேரன் கேமராவைத் திருப்பினான். மேஜைமேல் ஒரு பழைய டவல். டவலின் மேல் ஒரு ரிவால்வர். மரக் கைப்பிடி, நீளமான குழல். பக்கத்தில் ஒரு சின்ன டப்பா நிறைய ஈயக் குண்டுகள்.

"பயப்படாதீங்க. இது அந்தக் காலத்துத் துப்பாக்கி மாதிரி புதுசா செஞ்சது. 1858 ரெமிங்டன்னு சொல்வாங்க. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல இருந்த மாடல். தோட்டாவே கிடையாது. ஆறு அறை இருக்கு. ஒவ்வொண்ணுலயும் கருமருந்தைக் கொட்டி, மேல ஈயக் குண்டை வச்சு, இந்த நெம்புகோலால அழுத்தணும். பின்னால கேப்பு. கொள்ளுத்தாத்தா வச்சிருந்தாரே, மருந்து கெட்டிக்கிற துப்பாக்கி... அதே வேலைதான். அதுல ஒண்ணு, இதுல ஆறு."

"யாரு சொன்னா உனக்கு, அவர் துப்பாக்கி வச்சிருந்தாருன்னு?"

"ஆயா சொல்லியிருக்காங்க. சரி, விஷயத்தைக் கேளுங்க. துப்பாக்கி 44. அதனால 44 குண்டுதான்னு 0.440 அங்குலக் குண்டு வாங்கிட்டேன். அறைக்குள்ள சும்மா விழுது. கவுத்தா வெளியே வந்துடுது. துணி கிணி சுத்திப் போட்டா பிடிச்சுக்குமா? நாளைக்கு ஃபிரெண்ட்ஸோட சுடற இடத்துக்குப் போறேன்."

தாத்தாவின் முகம் மாறியது. "சுடாத. எடுத்து உள்ள வை" என்றார். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

எழுபத்தாறு வயதில் பேரனிடம் இப்படிப் பேச்சை அறுத்தது அதுதான் முதல்முறை.

அங்கே தபாலில்... இங்கே கலெக்டரிடம்!

சமையற்கட்டிலிருந்து மகள் வந்தாள். பேசியதில் பாதி அவள் காதில் விழுந்திருந்தது. "துப்பாக்கியா வாங்கி வச்சிருக்கான்? படிக்க அனுப்பினா, வேலைக்குப் போனா... இப்ப துப்பாக்கியா? நீங்களாச்சும் திட்டினீங்களாப்பா?"

மகளின் கோபம் நியாயமானதுதான். நம் ஊரில் துப்பாக்கி என்றால் போலீஸ், வழக்கு, செய்தித்தாள் தலைப்பு. 1959-ம் வருடத்து ஆயுதச் சட்டப்படி, வாயில் மருந்து கெட்டிக்கிற பழைய ரகத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும். தேர்தல் அறிவித்தால் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைக்கவும் வேண்டியிருக்கும். அமெரிக்காவிலோ, 1968-ம் வருடத்து மத்தியச் சட்டம் 1898-க்கும் அதற்கு முன்பும் செய்த துப்பாக்கிகளையும், அவற்றைப் பார்த்துச் செய்த கருமருந்து நகல்களையும் 'பழம்பொருள்' கணக்கில் வைத்திருக்கிறது. அதனால் பல மாநிலங்களில் வீட்டுக்கே தபாலில் வந்து இறங்கிவிடும். இந்த நகல்களில் பெரும்பாலானவை இத்தாலியின் பிரேஸியா பக்கத்துப் பட்டறைகளில் தயாராகின்றன.

தாத்தா மகளுக்குப் பதில் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, நாற்பது வருடம் தான் நடத்திய லேத் பட்டறைக்குப் போனார். இப்போது அதைப் பார்த்துக்கொள்வது அவரிடம் தொழில் கற்ற பையன். மோட்டார் ஷாஃப்ட், பம்ப் புஷ், டிராக்டர் சாமான் என்று வேலை ஓடுகிற பட்டறை. ஞாயிறு என்பதால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே போய், மூலையில் இருந்த தன் பழைய மேஜையின் அடி டிராயரைத் திறந்தார்.

துருப்பிடித்த இரும்புத் துண்டு இரண்டு. சேர்த்துவைத்தால் நடுவில் உருண்டையாக ஒரு குழி. ஈயக் குண்டு வார்க்கிற அச்சு. ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மல்லாட்டைக் கொல்லையும் காட்டுப்பன்றியும்

தாத்தாவின் அப்பாவுக்குச் செங்கம் பக்கம் காட்டோரத்தில் நாலு ஏக்கர் கொல்லை. மானாவாரியாக மல்லாட்டை போடுவார். காய் பிடிக்கிற சமயத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே ராத்திரியில் அரை ஏக்கரைக் கிளறிப் போட்டுவிடும். அதற்காக வாங்கியதுதான் அந்தத் துப்பாக்கி. அப்போது திருவண்ணாமலை தனி மாவட்டம் இல்லை. 1989-ல்தான் பிரிந்தது. அதற்கு முன் எல்லாம் வட ஆற்காடு. லைசென்ஸ் காகிதத்துக்கு வேலூருக்கு அலைய வேண்டும்.

லைசென்ஸில் 'எஸ்.பி.எம்.எல்.' என்று எழுதியிருக்கும். ஒற்றைக் குழல், வாய்வழியாக மருந்து கெட்டிப்பது என்று அர்த்தம். மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, ரவையோ ஒற்றைக் குண்டோ போட்டு, மறுபடி நாரை வைத்துக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். வருடத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மருந்துச் சத்தம்தான். பன்றி ஓடினால் போதும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபிறகு, அனுமதி இல்லாமல் பன்றியைச் சுடுவதும் குற்றமாகிவிட்டது. இது அதற்கு முந்தைய கதை.

தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார். அவருடைய இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் கிடையாது. 'சின்ன வயசுல கரும்பு மிஷின்ல மாட்டிக்கிச்சு' என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மகளுக்கும் பேரனுக்கும் தெரிந்தது அதுதான்.

"மத்த அஞ்சு அறை என்ன பண்ணும்?"

அன்று ராத்திரி தாத்தாவுக்குத் தூக்கம் வரவில்லை. பேரன் கேட்ட கேள்விக்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. 'குண்டு லூஸாத்தான் இருக்கணும். இறுக்கமா இருந்தாத்தான் ஆபத்து. துணி சுத்திப் போடு, போதும்.' அவர் உடம்பில் வாங்கிய பாடம் அது. காலையில் கூப்பிட்டு அதைச் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தார்.

ஆனால் நாற்பது வருடம் லேத் ஓட்டியவரின் மனசு சும்மா இருக்குமா? கண்ணை மூடியதும் அந்த ரிவால்வர் வந்து நின்றது. ஆறு அறை உருளை. ஒன்று வெடிக்கிறது. சரி... அந்த நேரத்தில் மற்ற ஐந்தும்?

விடிந்ததும் அவரே கூப்பிட்டார். பேரன் சுடும் இடத்துக்குப் போகவில்லை. "நீங்க வேணாம்னு சொன்னீங்களே" என்றான். தாத்தாவுக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், யோசிச்சு சொல்லு. ஒரு அறை வெடிக்கறப்போ மத்த அஞ்சு அறை என்ன பண்ணும்?"

"சும்மா இருக்கும் தாத்தா. மருந்தும் குண்டுமா."

"சும்மா எங்க இருக்கும்? துப்பாக்கி பின்னால உதைக்குது இல்ல? உதைச்சா லூஸா இருக்கற குண்டு என்ன ஆவும்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "முன்னால நகரும்."

"நகர்ந்தா?"

"உருளை வாய்க்கு வெளிய நீட்டிக்கிச்சுன்னா சுத்தாம மாட்டிக்கும்..."

"அது சின்ன கஷ்டம். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவுல காலி இடம் வந்துடும். அது பெரிய கஷ்டம். அப்புறம், வெடிக்கறப்போ முன்னால தீப்பொறி பறக்குது. லூஸான குண்டுக்குப் பக்கத்துல சந்து இருந்தா, நெருப்பு அது வழியா உள்ள பூந்து பக்கத்து அறை மருந்தையும் பத்த வச்சிடாது? அந்த அறை குழலுக்கு நேரா கூட இல்லடா. குண்டு எங்க போவும்?"

தாத்தா யோசித்துக் கண்டுபிடித்த இந்த ஆபத்து உண்மையில் நடப்பதுதான். ஒரு அறையின் நெருப்பு அடுத்த அறைக்குத் தாவி, ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். கருமருந்து ரிவால்வர் வைத்திருப்பவர்கள் ரொம்பப் பயப்படுவது இதற்குத்தான். அதைத் தடுக்கிற முதல் காவல், அறையை முழுசாக அடைத்துக்கொள்ளும் குண்டு. அதனால்தான் குண்டு அறையின் வாயைவிட ஒரு மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும் என்கிறார்கள். நெம்புகோலால் அழுத்தும்போது, கூடுதலான ஈயத்தை அறையின் விளிம்பு மெல்லிய வளையமாகச் சீவித் தள்ளிவிடும். அந்த வளையம் சுற்றிலும் அறுபடாமல் வந்தால் குண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"நம்ம பட்டறை பாஷையில சொன்னா பிரஸ் ஃபிட்" என்றார் தாத்தா. "பேரிங்கை ஷாஃப்ட்ல ஏத்தற மாதிரி. கையால போட்டா உள்ள போகக்கூடாது. அழுத்தினாத்தான் போகணும்."

1767-ல் இதே ஊரில்...

"ஆனா தாத்தா, அந்தக் காலத்துப் பெரிய துப்பாக்கிங்கள்ல குண்டு லூஸாத்தானே போட்டாங்க?" பேரனுக்குச் சரித்திரம் என்றால் உயிர். "நம்ம ஊர்லயே 1767-ல சண்டை நடந்தது தெரியுமா? செப்டம்பர் மாசம். முதல்ல செங்கத்துல, அப்புறம் திருவண்ணாமலையில. ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் ஒரு பக்கம், கும்பெனிப் படையோட கர்னல் ஜோசப் ஸ்மித் இன்னொரு பக்கம். முதல் மைசூர் போர். அதுல கும்பெனி சிப்பாய்ங்க வச்சிருந்த மாதிரி மஸ்கெட் துப்பாக்கிக்குக் குழல் முக்கால் அங்குலம். குண்டு ஏறத்தாழ 0.69 அங்குலம்தான்."

தாத்தா மனசுக்குள் கழித்துப் பார்த்தார். ஆயிரத்தில் அறுபது. ஒன்றரை மில்லிமீட்டர். லேத் பட்டறையில் இவ்வளவு லூஸாக ஒரு புஷ் போட்டால் சாமானைத் திருப்பி முகத்தில் எறிந்துவிடுவார்கள்!

"ஏன் அப்படி வச்சான்னு யோசி" என்றார். "சண்டையில நிமிஷத்துக்கு ரெண்டு தடவை, மூணு தடவை சுடணும். கருமருந்து எரிஞ்சா குழல் உள்ள கசடு படியும். நாலு வாட்டி சுட்டதும் குழல் சுருங்கின மாதிரி ஆயிடும். அப்பவும் குண்டு கடகடன்னு அடிவரைக்கும் எறங்கணும். நீளமான குழல். வாய்ல இருந்து அடிவரைக்கும் போவணும். நடுவுல நின்னுச்சுன்னா செத்தான். உன்னுதுல குண்டு போறது அரை அங்குலம். அதனால இறுக்கமா வைக்கலாம். ரெண்டும் வேற வேற ஓட்டை. வேற வேற வேலை."

சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். பேரன் காத்திருந்தான்.

"உன் பெரிய தாத்தாவுக்கு விரல் போனது கரும்பு மிஷின்ல இல்ல கண்ணு."

கம்பியில் ஒரு கோடு

1966. தாத்தாவுக்குப் பதினெட்டு வயசு. திருவண்ணாமலையில் ஒரு பட்டறையில் லேத் கற்றுக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்த பழைய குண்டு அச்சு காணாமல் போய்விட்டது. 'நான் செஞ்சு தர்றேன்பா' என்று தம்பட்டம் அடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். துப்பாக்கி வாயில் காலிப்பரை விட்டு அளந்தார். பழைய குண்டெல்லாம் லொடலொடவென்று இருக்கும். கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் நேராகப் போகும், தூரமாகப் போகும் என்று பதினெட்டு வயசுப் புத்திக்குத் தோன்றியது. அச்சை ஒரு மயிரிழை கூட்டிக் குடைந்தார். மீன் வலையில் கட்டுகிற ஈயத்தை உருக்கி ஊற்றினார். குண்டுகள் அழகாக வந்தன. அப்பாவே மெச்சினார்.

அவர் அளந்தது வாயை மட்டும்தான். வருடக்கணக்கில் கெட்டிக்கிற கம்பி உரசி உரசி அந்தக் குழலின் வாய் தேய்ந்து அகன்றிருந்தது. உள்ளே போகப் போகக் குழல் அவ்வளவு அகலம் இல்லை. பதினெட்டு வயசுக்கு அது உறைக்கவில்லை.

ஒரு ராத்திரி காவலுக்கு அண்ணன் போயிருந்தார். பன்றிக் கூட்டம் இறங்கியது. முதலில் வெறும் மருந்து போட்டு ஒரு சத்தம் விட்டார். குழலில் கசடு படிந்தது. கூட்டம் அசையவில்லை. இருட்டில் அவசர அவசரமாக மறுபடி மருந்து, புதுக் குண்டு. குண்டு பாதி தூரத்தில் இறுகி நின்றுவிட்டது. அடியில் உட்கார்ந்துவிட்டது என்று அண்ணன் நினைத்துக்கொண்டார். விசையை அழுத்தினார்.

"மருந்து அடியில. குண்டு நடுவுல. ரெண்டுக்கும் இடையில காலி இடம். வழியை அடைச்ச மாதிரி குண்டு நிக்குது. குழல் அந்த எடத்துல கிழிஞ்சிடுச்சு. அவன் இடது கை அங்கதான் பிடிச்சிருந்தது."

போலீஸ், விசாரணை என்று பயந்துபோய் அப்பா நடுங்கினார். 'கரும்பு மிஷின்னு சொல்லிடலாம்' என்று சொன்னது, கையில் துணி சுற்றியிருந்த அண்ணன்தான். பிறகு துப்பாக்கி பழுதாகிவிட்டது என்று ஒப்படைத்து, லைசென்ஸையும் திருப்பிக் கொடுத்தார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. அண்ணன் போய்ச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது.

பேரன் மெதுவாகக் கேட்டான். "குண்டு அடிவரைக்கும் போச்சான்னு தெரிஞ்சுக்க வழியே இல்லையா தாத்தா?"

"இருந்துதே. கம்பியில எங்கப்பா அரத்தால ஒரு கோடு போட்டிருந்தாரு. குண்டு சரியா உக்காந்தா அந்தக் கோடு குழல் வாய்க்கு நேரா வரும். இருட்டுல அண்ணன் பாக்கல."

"அப்போ உங்க குண்டு மட்டும் காரணம் இல்ல தாத்தா. இருட்டு, கசடு, அவசரம்..."

"கோடு அவன் பாக்க வேண்டியது. குண்டு நான் செஞ்சது. என் கணக்குல இருக்கறதை நான்தான சொல்லணும்?" தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதனாலதான் உன் கேள்வியைக் கேட்டதும் பதில் வரல. குண்டு இறுக்கமா இருக்கக்கூடாதுன்னு அம்பது வருஷத்துக்கு மேல மனசுல வச்சிருந்தேன். நேத்து ராத்திரிதான் புரிஞ்சுது. இறுக்கமும் தப்பு இல்ல, லூஸும் தப்பு இல்ல. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவுல இடம் விடக்கூடாது, அவ்வளவுதான். அங்க இறுக்கினதால இடம் வந்துச்சு. உன்னுதுல லூஸா விட்டா வரும்."

பெயர் வேறு, அளவு வேறு

அடுத்த இரண்டு வாரம், தாத்தாவுக்கு ஐம்பது வயது குறைந்ததுபோல இருந்தது. தினமும் ஒரு போன்.

"முதல்ல 44-ங்கற நம்பரை மறந்துடு. அது துப்பாக்கிக்கு வச்ச பேரு. பேரை வச்சு சாமான் செய்ய முடியாது."

அது உண்மை. குழலின் உட்புறம் சுற்றிச் சுற்றிப் போகும் வரிப்பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். மேட்டுக்கு மேடு அளந்தால் ஒரு அளவு, பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் அதைவிடப் பெரிய அளவு. 44 என்ற பெயர் சின்ன அளவை ஒட்டி வந்தது. குண்டு உட்காரும் அறையின் வாய் அதைவிட அகலம். நம் ஊரில் 'பன்னிரண்டு போர்' என்கிறார்களே, அந்த எண்கூட அங்குலமோ மில்லிமீட்டரோ இல்லை. குழலுக்குச் சரியான ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்ற பழைய கணக்கு அது.

"ஆறு அறையையும் தனித்தனியா அள. ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கும்னு நம்பாத."

பேரன் டிஜிட்டல் காலிப்பரால் அளந்தான். 0.446 அங்குலம் காட்டியது. "சின்ன ஓட்டையில காலிப்பர் பொய் சொல்லும். அதோட நாக்கு தட்டையா இருக்கு, ஓட்டை வட்டமா இருக்கு. கம்மியாத்தான் காட்டும். பின் கேஜ் வச்சிருக்கற ஆளைப் பிடி" என்றார். அலுவலக நண்பன் ஒருவன் மூலம் அளவு ஊசிகள் கிடைத்தன. ஐந்து அறை 0.448, ஒன்று அரை மயிரிழை கூட.

கடைகளில் இந்த ரக ரிவால்வருக்கு இரண்டு அளவுக் குண்டு கிடைக்கும். 0.451, 0.454. முதலாவது ஏறத்தாழ 11.46 மில்லிமீட்டர். இரண்டாவது 11.53. வித்தியாசம் ஒரு தலைமுடியின் தடிமன்தான்!

"சின்னதுல ஆரம்பி. வளையம் சுத்தியும் வருதான்னு பாரு. அறுந்து அறுந்து வந்தா பெருசுக்குப் போ. ஈயம் சுத்த ஈயமா இருக்கணும். நகத்தால கீறினா கோடு விழணும். கலப்பு ஈயம் கெட்டியா இருக்கும், அழுத்தறப்போ நெம்புகோல் வளைஞ்சிடும். தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவு, ஈயம் விஷம்" என்று வரிசையாகச் சொன்னார். பின்னால் மாட்டுகிற கேப்பும் லூஸாக இருக்கக்கூடாது, அந்த வழியாகவும் நெருப்பு நுழையலாம் என்பதையும் விடவில்லை.

ஒரு சனிக்கிழமை ராத்திரி, அதாவது இங்கே ஞாயிறு காலை, வீடியோவில் சோதனை. மருந்து கிடையாது, கேப்பு கிடையாது. வெறும் அறையில் 0.451 குண்டை வைத்து பேரன் நெம்புகோலை இழுத்தான். 'கிர்ர்' என்று சன்னமாக ஒரு சத்தம். குண்டு உள்ளே இறங்கியது. அறையின் விளிம்பில் பளபளவென்று ஒரு வளையம், மெட்டி கனம்கூட இல்லை. கேமரா பக்கத்தில் கொண்டுவந்து காட்டினான். எங்கேயும் அறுபடவில்லை.

தாத்தா பேசவே இல்லை. பக்கத்தில் வந்து நின்ற மகள்தான், "அவ்ளோ சின்னதா?" என்றாள். துப்பாக்கி வாங்கியதில் அவள் கோபம் தீரவில்லை. ஆனால், அப்பாவும் பிள்ளையும் இவ்வளவு பேசி அவள் பார்த்ததில்லை.

உள்ளே தள்ளிய குண்டைப் பின்னாலிருந்து பித்தளைக் கம்பியால் தட்டி எடுத்தார்கள். அதன் நடுவில் ஒரு பட்டை சமமாக விழுந்திருந்தது. "இப்போ போ. கண்ணாடி போட்டுக்க. ஒவ்வொரு குண்டும் மருந்து மேல உக்காந்துச்சான்னு பாத்துட்டுச் சுடு. அவசரமே வேணாம். உன் கொல்லையில பன்னி இல்ல" என்றார் தாத்தா.

அண்ணிக்குத் தெரிந்தது

அந்தக் கார்த்திகை தீபத்துக்குப் பேரன் ஊருக்கு வந்தான். துப்பாக்கி அங்கேயே பூட்டில் இருந்தது. இங்கே கொண்டுவரவும் முடியாது, தாத்தா கேட்கவும் இல்லை. ஒரு சின்ன மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து அந்த ஈய வளையத்தை மட்டும் கொண்டுவந்திருந்தான்.

தீபத்துக்கு மறுநாள் இரண்டு பேரும் செங்கம் பக்கத்து ஊருக்குப் போனார்கள். அண்ணன் வீடு. எண்பது வயது அண்ணி வாசலில் முறத்தோடு உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். தாத்தா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து அந்தப் பழைய அச்சை எடுத்துவைத்தார். அவர் சொல்ல ஆரம்பித்து இரண்டு வாக்கியம்கூட முடியவில்லை.

"இதைச் சொல்லத்தான் இவ்ளோ தூரம் வந்தியா?" என்றார் அண்ணி, கை நிற்காமல். "கல்யாணமான மறுவருஷமே அவரு எங்கிட்ட சொல்லிட்டாரு. 'தம்பி செஞ்ச குண்டு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் இருட்டுல கோட்டைப் பாக்கல. அவனண்ட இதைப் பத்தி எதையும் கேட்டுடாத, உடைஞ்சு பூடுவான்'னாரு. நீயா சொல்லுவன்னு நானும் இருந்தேன்."

தாத்தா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி ஒரு கை மல்லாட்டையை அள்ளிப் பேரனிடம் நீட்டினார். "தின்னு கண்ணு. இந்த வருஷம் பன்னி ஜாஸ்தி. மிஞ்சினது இவ்ளோதான்."